தில்லையாடி வள்ளியம்மை

காவிரியின் கடைமடையில், தரங்கம்பாடிக்கு அருகில் உள்ள சிற்றூர் தில்லையாடி. வயல்கள் சூழ்ந்த அவ்வூரின் பெயரை உலகறியச் செய்தவர், பதினாறே ஆண்டுகள் வாழ்ந்த வள்ளியம்மை.

அவருடைய குடும்பம் பிழைப்புத் தேடித் தென்னாப்பிரிக்கா சென்றது. ஜோகன்னஸ்பர்க் நகரில் 1898 பிப்ரவரி 22 அன்று அவர் பிறந்தார். தந்தை முனுசாமி முதலியார் ஒரு வணிகர். அந்நாட்டில் இந்தியர்கள் அனுமதியின்றி ஒரு மாகாணத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல முடியாது. நேட்டாலில், ஒப்பந்தக் காலம் முடிந்த கூலிகள் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும். போதாக்குறைக்கு, கிறிஸ்தவ முறைப்படி நடந்த திருமணங்களே செல்லும் என்று 1913-இல் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். இந்து, முஸ்லிம், பார்சிப் பெண்கள் ஒரே நாளில் மனைவி என்ற உரிமையை இழந்தனர். எந்த முறையில் மணந்தாலும் மனைவி மனைவியே என்பது கான்வென்டில் பயிலும் நமக்கும் விளங்கும் நியாயம் அன்றோ?

காந்தியடிகள் பெண்களையும் சத்தியாக்கிரகத்திற்கு அழைத்தார். வள்ளியம்மை தம் தாயாருடன் அனுமதியின்றி டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து நேட்டாலுக்குள் சென்றார். 1913 டிசம்பரில் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. மாரிட்ஸ்பர்க் சிறையில் கடும் காய்ச்சல் கண்டது. முன்னதாக விடுவிக்க அதிகாரிகள் முன்வந்தபோதும் அவர் மறுத்தார். 1914 ஜனவரியில் எலும்பும் தோலுமாக வெளியே வந்தவர், பிப்ரவரி 22 அன்று, தம் பிறந்த நாளிலேயே உயிர் நீத்தார்.

அதே ஆண்டில் வரி நீங்கியது. இந்தியரின் திருமணங்களும் சட்டப்படி ஏற்கப்பட்டன. அதைக் காண அவர் இல்லை. 1915-இல் காந்தியடிகள் தில்லையாடிக்கே வந்து அவ்வூர் மண்ணுக்கு மரியாதை செலுத்தினார்.

வள்ளியம்மையின் காலத்தில் முறையிடுவதற்கு உலக மன்றம் எதுவும் இல்லை. ஐக்கிய நாடுகள் சபை 1945-இல் தோன்றியது. மறு ஆண்டே அதன் பொதுச் சபையில் தென்னாப்பிரிக்க இந்தியரின் குறையை இந்தியா எழுப்பியது. விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் நம் தூதுக்குழுவுக்குத் தலைமை வகித்தார். 1948 டிசம்பர் 10 அன்று மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறியது. தன் நாட்டுக்குள் தடையின்றி நடமாடும் உரிமை அதன் 13-ஆம் பிரிவில் உள்ளது. மணம் புரிந்து குடும்பம் நடத்தும் உரிமை 16-ஆம் பிரிவில் உள்ளது. இரண்டும் வள்ளியம்மை சிறை சென்று கேட்டவை!

அன்று தென்னாப்பிரிக்கா வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. அங்கு நிறவெறி ஆட்சி வீழ 1994 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆகவே உரிமைகளை ஏட்டில் எழுதினால் மட்டும் போதாது; அவற்றுக்காகத் துன்பம் ஏற்கும் நெஞ்சங்களும் வேண்டும். நம் வயதுப் பெண் ஒருத்தி அதைச் செய்து காட்டினாள். பிறருக்கு இழைக்கப்படும் அநீதியைக் கண்டு வாய்மூடி இராதிருக்க, தோழியரே, நாமும் உறுதி பூணுவோம்!