ஒராபி பாஷாவின் தொப்பி

நமது பாட்டன்மாரின் திருமணப் படங்களில் ஒரு தொப்பியைக் காணலாம். கருஞ்சிவப்பு நிறம், தட்டையான உச்சி, பக்கவாட்டில் தொங்கும் கறுப்புக் குஞ்சம். துருக்கித் தொப்பி என்று அதை அழைத்தோம். மாப்பிள்ளைக்கும் மரிக்காருக்கும் அரசியல்வாதிக்கும் அது கௌரவச் சின்னமாக இருந்தது. சேர் ராஸிக் பரீதை அந்தத் தொப்பி இல்லாமல் நம்மால் கற்பனை செய்யக்கூட முடியாது. ஆனால் அது இந்த நாட்டில் பரவியபோது அலங்காரப் பொருளாக வரவில்லை. தோற்றுப்போன ஓர் இராணுவத்தின் சீருடையில் எஞ்சிய பகுதியாக, ஏழு கைதிகளின் தலையில் வந்தது. அந்த எழுவரில் முதன்மையானவர் அஹ்மத் ஒராபி.

எகிப்தின் ஷர்கிய்யா மாகாணத்தில், ஸகாஸீக் நகருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் 1841இல் அவர் பிறந்தார். தந்தை கிராமத் தலைவர். குர்ஆனை ஓதி முடித்து, கெய்ரோ அல்அஸ்ஹரில் சில ஆண்டுகள் பயின்ற பின், 1854இல் இராணுவத்தில் சேர்ந்தார். அன்றைய ஆட்சியாளர் ஸயீத் பாஷா, மண்ணின் மைந்தர்களான விவசாயிகளின் பிள்ளைகளுக்கும் அதிகாரிப் பதவிகளைத் திறந்துவிட்டிருந்தார். இருபது வயதாகும்போது ஒராபி லெப்டினன்ட் கேர்ணல் தரத்தை எட்டிவிட்டார். அந்த வேகம் பின்னர் அப்படியே நின்றுபோனது.

ஏன் நின்றது என்பதற்கும் தொப்பிக்கும் தொடர்புண்டு. எகிப்தில் அதற்குத் தர்பூஷ் என்று பெயர். உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத் தனது புதிய படைக்குத் தலைப்பாகையை நீக்கி இதனை அணிவித்தார். எகிப்தில் முஹம்மத் அலீ பாஷா, புவ்வா என்ற ஊரில் இதைச் செய்வதற்கென்றே ஒரு தொழிற்சாலையை நிறுவினார். எல்லோர் தலையிலும் ஒரே தொப்பி என்பது பார்வைக்குச் சமத்துவம் போலத் தோன்றும். உள்ளே நிலைமை வேறு. துருக்கிய, சேர்காசிய வம்சாவளி அதிகாரிகள் மேலே இருந்தார்கள். அறபு பேசும் விவசாயியின் மகன் எவ்வளவு திறமை காட்டினாலும் கேர்ணல் தரத்துக்கு மேல் போவது அரிது. இஸ்மாயீல் பாஷாவின் காலத்தில் ஒராபி பல ஆண்டுகள் பதவி உயர்வின்றிக் காத்துக் கிடந்தார். நாட்டின் கடன் ஏறியது, ஐரோப்பியக் கண்காணிப்பாளர்கள் கஜானாவில் வந்து அமர்ந்தார்கள், படைவீரருக்குச் சம்பளம் தாமதமானது. 1879இல் இஸ்மாயீல் பதவி நீக்கப்பட்டு மகன் தவ்பீக் கெதீவ் ஆனார். ஒராபிக்குக் கேர்ணல் பதவி கிடைத்தது.

1881 பெப்ரவரியில் அவரும் அலீ பஹ்மி, அப்துல் ஆல் ஹில்மி ஆகிய இரு தோழர்களும் கஸ்ருந் நீல் படைமுகாமுக்கு அழைக்கப்பட்டுக் கைது செய்யப்பட்டார்கள். சற்று நேரத்தில் அவர்களுடைய சொந்த வீரர்களே வந்து மீட்டுச் சென்றார்கள். அந்த நாளிலிருந்துதான் எகிப்து அவர் பெயரை அறிந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 9ஆம் திகதி நடந்த சம்பவமே அவருடைய வாழ்வின் உச்சம். அப்தீன் மாளிகைச் சதுக்கத்தில் சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு வீரர்களும் பீரங்கிகளும் அணிவகுத்து நின்றன. ஒராபி குதிரையில் வந்தார். கெதீவ் வெளியே இறங்கி வந்ததும் குதிரையிலிருந்து இறங்கி, வாளை உறையிலிட்டு, சலாம் சொல்லி, கோரிக்கைகளை முன்வைத்தார். அமைச்சரவையை நீக்க வேண்டும், மக்கள் பிரதிநிதிகள் சபையைக் கூட்ட வேண்டும், படையை 18,000 பேராக உயர்த்த வேண்டும். பக்கத்தில் நின்ற ஆங்கில அதிகாரி ஓக்லண்ட் கொல்வின், ஒராபியின் வாளைப் பறிக்கும்படி கெதீவை உசுப்பிக் கொண்டிருந்தார். கெதீவுக்குத் துணிவு வரவில்லை. ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் கோரிக்கைகள் ஏற்கப்பட்டன. ஒரு படை அதிகாரி தனக்குப் பதவி கேட்காமல் பாராளுமன்றம் கேட்டது முஸ்லிம் உலகில் அடிக்கடி நடக்காத காரியம். இதனைத்தான் நாம் போதிய அளவு நினைவில் வைக்கவில்லை என்று எனக்குப் படுகிறது.

அடுத்த ஆண்டு மஹ்மூத் ஸாமி அல்பாரூதி பிரதமரானார், ஒராபி யுத்த அமைச்சரானார், பாஷாவுமானார். பிரித்தானியாவுக்கும் பிரான்ஸுக்கும் அது பொறுக்கவில்லை. ஜூன் மாதம் அலெக்சாந்திரியாவில் கலவரம் மூண்டது. ஜூலை 11ஆம் திகதி பிரித்தானியக் கப்பற்படை அந்நகரைக் குண்டு வீசித் தகர்த்தது. கெதீவ் ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார். கப்ருத் தவ்வாரில் ஒராபியின் படை பல வாரங்கள் தாக்குப்பிடித்தது. ஆனால் ஆங்கிலேயர் கால்வாய் வழியாகச் சுற்றி வந்தார்கள். கால்வாயை அடைத்துவிடும்படி தோழர்கள் வற்புறுத்தியும், அது நடுநிலை வழி என்ற லெஸ்ஸெப்ஸின் உறுதிமொழியை நம்பி ஒராபி உரிய நேரத்தில் அதைச் செய்யவில்லை. பெரிய பிழை அது. செப்டம்பர் தொடக்கத்தில் இன்னுமொரு அடி விழுந்தது: உஸ்மானிய சுல்தான் அப்துல் ஹமீத் அவரைக் கிளர்ச்சிக்காரர் என்று அறிவித்தார். யாருடைய சாம்ராஜ்யத்தின் தொப்பியை அணிந்து போரிட்டாரோ, அந்த சுல்தானே அவரைக் கைவிட்டார்.

செப்டம்பர் 13ஆம் திகதி அதிகாலை தெல் எல்கபீரில் வுல்ஸ்லியின் படை இருளில் நடந்து வந்து தாக்கியது. ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாம் முடிந்தது. பிரித்தானியர் தரப்பில் 57 பேர் இறந்தார்கள், எகிப்தியர் தரப்பில் ஆயிரக்கணக்கானோர். ஒராபி கெய்ரோவில் சரணடைந்தார். வில்பிரட் பிளன்ட் என்ற ஆங்கிலேயர் தமது செலவில் ப்ரோட்லி என்ற வழக்கறிஞரை அமர்த்தியிராவிட்டால் தூக்குமேடைதான் காத்திருந்தது. டிசம்பரில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, உடனேயே நாடு கடத்தலாக மாற்றப்பட்டது. சொத்துக்கள் பறிமுதல், பட்டங்கள் ரத்து. சட்டப்படி அவர் பாஷாவும் அல்ல, கேர்ணலும் அல்ல.

ஒராபி, அல்பாரூதி, அப்துல் ஆல், அலீ பஹ்மி, துல்பா இஸ்மத், மஹ்மூத் பஹ்மி, யஃகூப் ஸாமி ஆகிய எழுவரையும் குடும்பத்தினரையும் ஏற்றிய மரியோத்திஸ் கப்பல் 1883 ஜனவரி 10ஆம் திகதி கொழும்பை அடைந்தது. கரையில் முஸ்லிம்கள் திரண்டு நின்றார்கள். மூன்று வாரங்களுக்கு முன்புதான் அறிஞர் சித்திலெவ்வை முஸ்லிம் நேசன் பத்திரிகையை ஆரம்பித்திருந்தார். பறிக்கப்பட்ட பட்டத்தை இந்நாட்டு மக்கள் ஒருபோதும் பறிக்கவில்லை. கடைசிவரை அவர் இங்கே பாஷாதான்.

அன்று இலங்கைச் சோனகர் பல நிறக் கோடுகள் கொண்ட உயரமான தொப்பியை அணிந்தார்கள். எகிப்தியத் தலைவர்களின் தர்பூஷும் காற்சட்டையும் கொழும்பின் வசதி படைத்த குடும்பங்களை முதலில் கவர்ந்தன, பிறகு மற்றவர்களையும். துருக்கித் தொப்பி இங்கே பரவலானது இவர்களாலேயே என்பது சமூக வரலாற்றை எழுதியோரின் பொதுவான கணிப்பு. தொப்பியைப் பின்பற்றுவது எளிது. ஒராபி சொல்லிக்கொண்டிருந்த மற்ற விடயம் எளிதாக இருக்கவில்லை. மார்க்கக் கல்வியோடு ஆங்கிலத்தையும் நவீன அறிவையும் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். சித்திலெவ்வை, வாப்பிச்சி மரிக்கார் முதலானோரின் உழைப்பில், ஒராபியின் ஆதரவோடு, 1892 ஆகஸ்ட் 22இல் மருதானையில் அல்மத்ரஸதுஸ் ஸாஹிறா திறக்கப்பட்டது. அது காலூன்ற நெடுங்காலம் எடுத்தது. 1921இல் ரி.பி. ஜாயா அதிபராகப் பொறுப்பேற்கும்வரை மாணவருக்கும் பணத்துக்கும் பஞ்சப்பட்டுத் தள்ளாடியபடியே இருந்தது.

இடையில் தொப்பிக்கு என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். 1905 மே மாதம் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்றியபோது பிரதம நீதியரசர் லேயார்ட் ஆட்சேபித்தார். சமூகம் கொதித்தது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் முதலானோர் முன்னின்று நடத்திய போராட்டத்தின் பெரும் கூட்டம் அவ்வாண்டின் கடைசி நாளில் மருதானைப் பள்ளிவாசல் வளாகத்தில் நடந்தது. உரிமை வென்றெடுக்கப்பட்டது. அது நியாயமான போராட்டம், முஸ்லிம்கள் இந்நாட்டில் ஒன்றுதிரண்ட முதல் பெரிய அரசியல் இயக்கமும் அதுவே. ஆனாலும் அதே மருதானையில், அந்தக் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே, ஸாஹிறாவின் வகுப்பறைகள் பிள்ளைகளுக்காகக் காத்துக் கிடந்தன. தொப்பிக்காகத் திரண்டவர்களில் பாதிப்பேர் தத்தமது மகனை அங்கே அனுப்பியிருந்தால் கதை முப்பது ஆண்டுகள் முன்னதாகவே மாறியிருக்கும்.

எழுவரின் வாழ்வு இங்கே இனிமையாகக் கழியவில்லை. ஈர வெப்பம் அவர்களைப் படுத்தியது. ஆளுக்காள் மனக்கசப்பும் வந்தது. அப்துல் ஆல் 1891இல் கொழும்பில் காலமானார். ஒராபி 1892இல் கண்டிக்குக் குடிபெயர்ந்தார். மஹ்மூத் பஹ்மியும் யஃகூப் ஸாமியும் கண்டியிலேயே மரணித்தார்கள். கவிஞரான அல்பாரூதி பார்வை மங்கிய நிலையில் 1899இல் தாயகம் திரும்பினார். மன்னிப்புக் கேட்டு ஒராபி பல முறை எழுதினார். 1901இல் இங்கிலாந்து இளவரசரின் இலங்கை விஜயத்தை அடுத்து அது கிடைத்தது. பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் இங்கே வாழ்ந்தவரை மக்கள் கண்ணீரோடு வழியனுப்பினார்கள்.

எகிப்து அவ்வாறு வரவேற்கவில்லை. ஆங்கிலேய ஆட்சியைப் பாராட்டும் விதத்தில் அவர் பேசிவிட்டார் என்று முஸ்தபா காமிலின் தேசியவாதிகள் முகம் திருப்பினார்கள், கவிஞர் அஹ்மத் ஷவ்கி அவரை ஏளனம் செய்து கவிதை எழுதினார். ஆங்கிலேயரின் தயவில் திரும்பிய முதியவரிடமிருந்து அப்தீன் சதுக்கத்து வீரனை எதிர்பார்த்தது கொஞ்சம் கொடுமைதான். என்றாலும் அந்தக் கோபத்தையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. 1911 செப்டம்பர் 21ஆம் திகதி, பெரிதாக யாரும் கண்டுகொள்ளாத நிலையில், கெய்ரோவில் அவர் காலமானார்.

1952இல் எகிப்தில் மீண்டும் இளம் படை அதிகாரிகள் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். பழைய பாஷாமாரின் அடையாளம் என்று தர்பூஷைத் தூக்கி வீசிய அந்தத் தலைமுறைதான் ஒராபியைத் தேசிய வீரராக மீண்டும் ஏற்றுக்கொண்டது. துருக்கியில் அந்தத் தொப்பி 1925இலேயே சட்டத்தால் தடை செய்யப்பட்டிருந்தது. இலங்கையில் அது இன்னும் சில பத்தாண்டுகள் திருமண வீடுகளிலும் மேடைகளிலும் நீடித்தது. கொழும்பில் ஒரு வீதிக்கு ஒராபியின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது, கண்டியில் அவர் வாழ்ந்த வீடு நினைவகமாக இருக்கிறது, அவரோடு வந்து தாயகம் திரும்ப முடியாமற்போன மூவர் இந்த மண்ணில் அடக்கம் செய்யப்பட்டார்கள்.