எஞ்சின் தட்டலை நிறுத்தியவர்

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களின் தட்டல் ஓசையை எங்களில் பலர் மறந்திருக்க மாட்டோம். அந்தத் தட்டலின் காரணத்தைத் தேடியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் பொறியியலாளர் தோமஸ் மிட்ஜ்லி.

1889 இல் பென்சில்வேனியாவில் பிறந்த அவர், 1916 இல் சார்ள்ஸ் கெற்றரிங்கிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கு பண்ணை வீடுகளுக்கான மின்பிறப்பாக்கிகளை மண்ணெண்ணெயில் ஓட்டியபோது எஞ்சின் தட்டியது. கெற்றரிங்கின் பற்றரிப் பற்றவைப்பு முறையே காரணம் என்று முன்பு பலர் பழி சொல்லியிருந்தனர். மிட்ஜ்லி சிலிண்டருக்குள் இருந்த அழுத்தத்தைப் பதிவு செய்து பார்த்தார். பொறி விழுந்த பின்னரே அழுத்தம் திடீரென எகிறியது. குற்றம் பொறியில் அல்ல, எரிபொருளில். இன்று ரேர்போ கார்களைத் திருத்துவோர் தேடுவதும் இதே தட்டலைத்தான்.

பல ஆண்டுத் தேடலின் பின், 1921 டிசம்பர் 9 அன்று சிறிதளவு ஈயச் சேர்மம் தட்டலை அடக்கியது. ஈயம் நஞ்சு என்பது அப்போதே தெரிந்த விடயம். 1923 இல் அவரே ஈய நஞ்சினால் நோயுற்றார். 1924 இல் நியூ ஜேர்சி ஆலையொன்றில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தனர். அதன் பின்னரும் செய்தியாளர் முன் அந்தத் திரவத்தில் கை கழுவி, முகர்ந்து காட்டி, ஆபத்தில்லை என்றார்.

1940 இல் போலியோவால் முடங்கிய மிட்ஜ்லி, படுக்கையிலிருந்து எழத் தானே அமைத்த கயிறுகளில் சிக்கி 1944 இல் இறந்தார். கார்களுக்கான ஈயப் பெற்றோல் விற்பனை 2021 இல்தான் உலகில் முற்றாக நின்றது. அதற்கிடையில் ஈயம் பல தலைமுறைப் பிள்ளைகளின் இரத்தத்தில் கலந்திருந்தது.