தெகல்தொறுவைக் குகையும் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனும்

ஐரோப்பாவில் பரோக் கலை தன் இறுதிக் கட்டத்தை எய்தியிருந்த வேளையில், அதன் தலைசிறந்த ஓவியரான வெனிஸ் நகரத்துத் தியெப்பொலோ 1770 ஆம் ஆண்டு மார்ச் மாதம் மத்ரித் நகரில் காலமானார். ஸ்பானிய மன்னர் மூன்றாம் சார்ள்ஸின் பணிப்பின் பேரில் தேவாலயம் ஒன்றிற்காக மரியன்னையின் திருவுருவை அவர் வரைந்து முடித்துச் சில காலமே ஆகியிருந்தது. அடுத்த ஆண்டில், 1771 இல், கண்டிக்கு அண்மையில் அமுனுகமையிலுள்ள ஒரு பாறையைக் குடைந்து விகாரை அமைக்கும் பணி ஆரம்பமாயிற்று. அதுவே தெகல்தொறுவை விகாரை. மத்ரித்தில் போலவே இங்கும் ஒரு மன்னனின் ஆதரவில் ஓர் ஓவியன் சமயத்திற்காகத் தூரிகை ஏந்தினான். ஆனால் இங்கே அம்மன்னன் தான் ஆண்ட மக்களின் சமயத்திலோ மொழியிலோ பிறந்தவனல்லன் என்பதே கவனத்திற்குரியது.

அந்த மன்னனே கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். கண்டியை ஆண்ட ஸ்ரீ விஜய இராஜசிங்கனின் பட்டத்தரசி மதுரைப் பக்கத்து நாயக்கர் குலத்தவர். அவருடைய சகோதரனான இவன், தந்தை நரேனப்ப நாயக்கருடன் சிறு வயதிலேயே கண்டிக்கு வந்து அரண்மனையில் வளர்ந்தான். நாயக்கர் தெலுங்கு வழியினராயினும் தமிழ்நாட்டு மண்ணில் வேரூன்றிய சைவர்கள். மன்னன் வாரிசின்றி 1747 இல் இறந்தபோது இந்த இளைஞன் அரசனாக ஏற்கப்பட்டான். அது முதல் 1782 வரை முப்பத்தைந்து ஆண்டுகள் கண்டியரசு அவன் கையிலிருந்தது.

அவன் அரசேற்றபோது இலங்கைப் பௌத்தம் நலிவுற்றிருந்தது. முறைப்படி உபசம்பதா பெற்ற துறவியர் நாட்டில் எவருமிலர். கணின்னான்சே எனப்பட்ட அரைத் துறவிகளே விகாரைகளில் இருந்தனர். வெலிவிட்ட சரணங்கரரின் தூண்டுதலால் மன்னன் சியாம் தேசத்திற்குத் தூது அனுப்பினான். உபாலி தேரரின் தலைமையில் வந்த துறவியர் 1753 இல் கண்டி மல்வத்தையில் உபசம்பதாவை மீண்டும் நிறுவினர். இன்றுவரை நிலைத்திருக்கும் சியம் நிகாயவின் தொடக்கம் அதுவே. தேவாலயங்களின் விழாவாக இருந்த எசல பெரஹரவில் தந்த தாதுவுக்கு முதலிடம் அளிக்கப்பட்டதும் இவனது காலத்திலேயே. மகாவம்சத்தின் தொடர்ச்சியும் அப்போதுதான் எழுதப்பட்டது. தம்புள்ளைக் குகைகள் புதுப்பிக்கப்பட்டன. அங்கே ஒரு குகையில் இந்த மன்னனின் சிலையை இன்றும் காணலாம்.

இத்தனை செய்தும் அவன் முழுமையாக நம்பப்படவில்லை. நெற்றியில் திருநீறு அணியும் வழக்கத்தை அவன் கைவிடாததும், நாயக்க உறவினர்களின் செல்வாக்கும் பிரதானிகள் சிலருக்கும் துறவியர் சிலருக்கும் உறுத்தலாக இருந்தன. 1760 இல் அவனைக் கொன்று, சியாம் நாட்டு இளவரசன் ஒருவனை அரியணையேற்றுவதற்குச் சதி தீட்டப்பட்டது. அவனது பணத்தாலும் முயற்சியாலும் புத்துயிர் பெற்ற மல்வத்தையே அச்சதிக்குக் களமாயிற்று. அதை முன்கூட்டியே மன்னனுக்கு அறிவித்தவர்களுள் ஒருவர், அரசவையில் பணியாற்றிய கோபால முதலியார் என்ற முஸ்லிம் அதிகாரி ஆவார்.

கண்டி அரசில் முஸ்லிம்கள் வகித்த இடம் இதனால் விளங்கும். கரையோரத்தில் ஒல்லாந்தரின் கெடுபிடிகளுக்கு ஆளானவர்களுக்கு மலைநாடு புகலிடமாயிருந்தது. தவளம் எனப்படும் பொதி மாடுகளைக் கொண்டு உப்பையும் கருவாட்டையும் மலைக்கு ஏற்றி, பாக்கைக் கீழே இறக்கியவர்களில் பெரும்பாலோர் அவர்களே. கோபால முதலியாரின் குடும்பம் வைத்தியத்தில் பெயர் பெற்றது. தன் விசுவாசத்துக்குப் பரிசாக அவர் அரச மானியமாகக் காணி பெற்றார்.

சமனக்கொடி அதிகாரம் உள்ளிட்ட பிரதானிகள் மரண தண்டனைக்கு உள்ளாயினர். சதியில் சம்பந்தப்பட்ட துறவியர் சிறைவைக்கப்பட்டாலும் பின்னர் மன்னிக்கப்பட்டனர். ஆத்திரங்கொண்ட மன்னன் பௌத்தப் பணிகளை அத்துடன் நிறுத்தியிருக்கலாம், அவன் நிறுத்தவில்லை. 1765 இல் ஒல்லாந்தர் படை கண்டிக்குள் புகுந்து நகரைச் சூறையாடியது. 1766 ஒப்பந்தத்தின்படி கரையோரம் முழுவதையும் அவன் இழந்தான். நாடு சுருங்கிய பின்னரும் அவன் கட்டிய ஆலயங்கள் பெருகவே செய்தன. தெகல்தொறுவை அவற்றுள் ஒன்று.

அங்கே தீட்டியவர்களின் தலைவர் தேவரகம்பொல சில்வத்தன்ன உன்னான்சே. உபசம்பதா பெறாத துறவி அவர். நிலகமை, கொஸ்வத்தை ஆகிய ஊர்களின் ஓவியர்களும் அவருடன் பணியாற்றினர். பாறையின் மேல் வெண்களி பூசி, சாதிலிங்கச் சிவப்பும் மஞ்சளும் விளாம்பிசினில் குழைத்து அவர்கள் தீட்டினர். தியெப்பொலோவின் விதானங்களில் வானம் திறந்து ஒளி பொழியும். உருவங்கள் மேகத்தில் மிதக்கும். தெகல்தொறுவையில் ஒளியும் நிழலும் இல்லை. சிவப்புப் பின்னணியில் நீண்ட பட்டைகளாகக் கதை நகர்கின்றது. வெற்றிடங்களைப் பூக்கள் நிரப்புகின்றன. மேற்கூரையில் மாரனின் படை புத்தரை எதிர்க்கின்றது. சுவரிலே வெஸ்ஸந்தர இளவரசன் தன் வெள்ளை யானையைக் கேட்டவருக்குக் கொடுத்து, அதனால் நாடு கடத்தப்பட்டு, இறுதியில் பிள்ளைகளையும் ஈந்துவிடுகின்றான். கொடுத்தவனையே ஊர் துரத்திய கதை அது.

1782 ஜனவரியில், குதிரையிலிருந்து விழுந்த காயத்தால் மன்னன் இறந்தான். அவன் தம்பி இராஜாதி இராஜசிங்கன் பணியை முடித்து, 1786 இல் விகாரையை மொரத்தொட்ட தம்மக்கந்த தேரருக்கு வழங்கினான். 1815 இல் கண்டிப் பிரதானிகள் ஆங்கிலேயருடன் உடன்படிக்கை செய்தபோது, நாயக்க அரசனின் உறவினர்கள் பகைவரெனப் பிரகடனம் செய்யப்பட்டு நாட்டை விட்டு விலக்கப்பட்டனர். கீர்த்தி ஸ்ரீ மறைந்து அப்போது முப்பத்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. பௌத்தத்தைப் புதுப்பித்தவனின் குலம் அந்நியர் என்ற பெயருடன் வெளியேறியது.

சில்வத்தன்னவின் பெயரும் மறைந்திருக்கக்கூடும். நமது ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில், சாதாரண கைவினைஞர்களின் பெயர்களையும் தேடிப் பதிந்து வைத்தமையால் அவரை இன்று உலகம் அறியும். சிங்களத் துறவியின் தூரிகைக்கு ஒரு தமிழரின் எழுத்து சாட்சியாயிற்று.

மடுல்சீமை, பசறை, பதுளைத் தோட்டங்களில் வாழும் நமக்கு இந்த வரலாறு அந்நியமானதன்று. 1948 இல் பிரசாவுரிமை பறிக்கப்பட்ட மக்களின் உழைப்பு இந்நாட்டைத் தாங்கியது. அப்பிரச்சினைக்கு முழுத் தீர்வு காணும் சட்டம் 2003 இல்தான் வந்தது. முஸ்லிம்களும் எங்கிருந்தோ வந்தவர்கள் என்ற பேச்சை அவ்வப்போது கேட்டே வருகின்றனர். தெகல்தொறுவையின் சுவர் இதற்கு விடை கூறுகின்றது. அதைத் தீட்டிய கை சிங்களத் துறவியினது. அதற்குப் பொருள் தந்தவன் திருநீறணிந்த நாயக்க மன்னன். அம்மன்னனின் உயிரைக் காத்தவர்களுள் ஒருவர் முஸ்லிம். மூவரில் ஒருவரை நீக்கினாலும் அந்த ஓவியம் நமக்குக் கிடைத்திராது. எசல பெரஹர காணக் கண்டிக்குச் செல்வோர், மகாவலிக்கு அப்பாலுள்ள அந்தக் குகைக்கும் பிள்ளைகளை அழைத்துச் சென்று இதைச் சொல்லிக்கொடுப்பது பயனுடையதாகும்.