டல்ஹௌசியின் அரையணா ஸ்டாம்பு

உத்திரமேரூர்க் குடியானவர் ஒருவர் வட தேசம் போன மகனுக்குக் கடிதம் அனுப்புவது ஒரு காலத்தில் எட்டாத காரியம். தூரம் ஏற ஏறத் தபால் கூலியும் ஏறும். 1837-ம் ஆண்டுச் சட்டப்படி, கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலாக் கடிதம் போய்ச் சேர ஒரு ரூபாய்! அந்த நிலையை மாற்றியவர் டல்ஹௌசி பிரபு.

ஸ்காட்லாந்தில் 1812-ல் பிறந்த அவர், 1848-ல் தமது 35-வது வயதில் இந்தியாவின் கவர்னர் ஜெனரலானார். ஆண் வாரிசில்லாத சமஸ்தானங்களைக் கும்பினி ராஜ்யத்தில் சேர்த்துக்கொண்டவர் என்று சரித்திரம் அவரைக் குறை கூறுகிறது. ஏழையின் கடிதத்துக்கு வழி திறந்தவரும் அவரே.

தபால் இலாகாவை ஆராய 1850-ல் கமிஷன் அமைத்தார். 1854 அக்டோபர் 1 முதல் தேசமெங்கும் ஒரே ஸ்டாம்பு அமலுக்கு வந்தது. கால் தோலாவுக்கு அரையணா. செங்கற்பட்டுக்கானாலும் பெஷாவருக்கானாலும் அதே அரையணாதான்.

இதற்கு முன்பே அடிகோலியது நாணயம். ஊருக்கொரு காசு வழங்கிய நாளில் ஒரே விலை குறித்த ஸ்டாம்பு ஏது? 1835-ல் கும்பினி ரூபாய் பொது நாணயமாயிற்று. அதன் பிறகே அரையணா ஸ்டாம்பும் எங்கும் செல்லுபடியாக முடிந்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர், ரங்கூன், ஏடன் தபாலாபீசுகளிலும் இந்திய ஸ்டாம்புகளே வழங்கின.

1853-ல் டல்ஹௌசியின் மனைவி தாயகம் திரும்பும் வழியில் கடலிலேயே காலமானார். உடல் நலிந்த பிரபு, 1855-ல் நீலகிரியில் தங்கினார். 1856-ல் ஊர் திரும்பி, 1860 டிசம்பர் 19-ல், 48-வது வயதில் மறைந்தார். ஆண் வாரிசு இல்லாததால் அவருடைய மார்க்விஸ் பட்டமும் அவரோடு முடிந்தது. விதியின் விளையாட்டுத்தான்!

அவர் தந்த பொது ஸ்டாம்பும் பிரிந்தது. 1867-ல் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் இந்திய ஆட்சியிலிருந்து விலகின. கணக்கு டாலருக்கு மாறவே, இந்திய ஸ்டாம்பின் மேல் சென்ட் விலையை அச்சிட்டு விற்றார்கள். 1937-ல் பிரிந்த பர்மாவிலோ ரூபாய் உடனே மாறவில்லை. ஆயினும் ஸ்டாம்பின் மேல் பர்மாவின் பெயர் ஏறிற்று.

இன்று ஐரோப்பாவில் 20 நாடுகளுக்குக் குறையாமல் யூரோ பொது நாணயம். ஆனால் ஸ்டாம்பு நாட்டுக்கு நாடு வேறு. டல்ஹௌசிக்கு யாருடைய சம்மதமும் தேவைப்படவில்லை. ஆட்சி ஒன்று, கஜானா ஒன்று. சுதந்திர நாடுகள் ஒரே ஸ்டாம்பு ஒட்ட வேண்டுமானால், அதன் வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்ள முதலில் மனம் ஒப்ப வேண்டும்.