நாணலைப் படித்த ஜானகி அம்மாள்

படுவான்கரை வாய்க்கால் வரம்புகளில் தானாக முளைக்கும் நாணலை நாம் யாரும் பயிராக மதிப்பதில்லை. ஆனால் இன்று உலகம் பயிரிடும் சீனிக் கரும்பின் பரம்பரையில் இந்த நாணலும் இருக்கிறது. அதை நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்து ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஜானகி அம்மாள். யுத்தம் தின்ற வாழ்க்கையை அறிந்தவர்கள் என்பதால், எங்களுக்கு அவரை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் விளங்கும் என்று நினைக்கிறேன்.

1897 இல், அன்றைய சென்னை மாகாணத்தின் தலைச்சேரியில் பிறந்தார். கலியாணத்தை விட்டுப் படிப்பைத் தெரிந்தெடுத்தார். சென்னையில் தாவரவியல், பிறகு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம், 1931 இல் கலாநிதிப் பட்டம். 1934 இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார்.

தடித்த இனிப்புக் கரும்பு வட இந்தியக் குளிரைத் தாங்கவில்லை. அதனுடன் காட்டு நாணலைக் கலந்து உருவாக்கிய கோ 205 பஞ்சாபிலும் வளர்ந்தது. அந்த வேலை ஜானகி வருவதற்கு முன்பே நடந்துவிட்டது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதே அவருடைய பங்கு. இனிப்புக் கரும்புக்கு 80 நிறமூர்த்தங்கள். நாணலுக்கோ இடத்துக்கு இடம் எண்ணிக்கை மாறும். 40 இலிருந்து 128 வரை போகும். கண்ணுக்கு ஒரே புல்தான்.

எல்லா வேறுபாடும் பரம்பரை அல்ல. உவர் மண்ணில் நட்ட கரும்பு மெலியும். அதிலிருந்து வெட்டிய துண்டை நல்ல மண்ணில் வைத்தால் திரும்பத் தடிக்கும். இரண்டு ஊர்ச் செடிகளை ஒரே பாத்தியில் வளர்த்தபின்னும் வேறுபாடு நின்றால், அதைப் பரம்பரையில் தேட வேண்டும். பின்னாளில் இமயமலைத் தாவரங்களிலும் இடத்தின் பங்கை ஜானகி தேடினார். குளிரும் ஈரமும் சேர்ந்த வடகிழக்கில், குளிர்ந்து வறண்ட வடமேற்கைவிடப் புதிய இனங்கள் கூடுதலாகத் தோன்றியதற்கு நிறமூர்த்தத் தொகுதிகள் பெருகியதே காரணம் என்று விளக்கினார்.

இடம்பெயர்ந்து திரும்பிய எங்கள் கமக்காரர் பழைய நெல் முன்னைப்போல் விளைவதில்லை என்று சொல்லும்போது, இந்த வேறுபாடுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. கெட்டது மண்ணா, மாறியது விதையா? 2004 கடல் ஏறிய எழுவான்கரை வயல்களின் உப்பை மாரி மழை கழுவும். இடப்பெயர்வில் தொலைந்த விதைநெல்லை எந்த மழையும் கொண்டுவராது. பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் பழைய நெல்லினங்களின் விதைகளைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். அங்கே கேட்டுப் பார்க்காமல் ஒரு இனம் அழிந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஜானகியையும் யுத்தம் விடவில்லை. 1939 இல் எடின்பரோ மாநாட்டுக்குப் போனவர் இங்கிலாந்திலேயே தங்க நேர்ந்தது. லண்டனில் இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் ஒதுங்குவார். விடிந்ததும் உடைந்த கண்ணாடியைக் கூட்டிவிட்டு ஆய்வுகூட வேலையைத் தொடர்வார். பங்கருக்குள் பரீட்சைக்குப் படித்த தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1945 இல் டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்த் தாவரங்களின் நிறமூர்த்த எண்ணிக்கைகளைத் தொகுத்த பெருநூலை வெளியிட்டார்.

1951 இல் நேருவின் அழைப்பில் இந்தியா திரும்பி, தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் வேலையை ஏற்றார். எண்பது வயதைக் கடந்தும், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை மூழ்கடிக்கவிருந்த நீர்மின் திட்டத்தை எதிர்த்தார். 1984 பெப்ரவரியில் சென்னையில் காலமானார். அந்த நவம்பரில் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.