ஓமந்தூராரும் எங்கள் வீட்டுப் பட்டாவும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்தபோது, ஹாஸ்டல் மெஸ்ஸைப் பற்றியும், சர்வே கேம்ப்பில் தியோடலைட்டைத் தோளில் சுமந்த கதையைப் பற்றியும் எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அதையெல்லாம் என் செட் நண்பர்கள் என்னைவிட நன்றாகவே எழுதிவிடுவார்கள்! ஆகவே, நம்மில் பலருக்குப் பெயர் மட்டும் தெரிந்த, ஆனால் வாழ்க்கை தெரியாத ஒரு பெரியவரைப் பற்றி எழுதுகிறேன். அவரை நான் தேடிப் போனதற்குக் காரணம் ஒரு டிரங்குப் பெட்டி.

எங்கள் வீடு பழனிசெட்டிபட்டியில், தேனியிலிருந்து கம்பம் போகிற ரோட்டை ஒட்டி இருக்கிறது. தாத்தா இந்த ஊருக்கு மருமகனாக வந்தவர். அவருடைய பூர்வீகம் போடி பக்கம் ஒரு சின்ன ஊர், அந்தக் காலத்தில் போடிநாயக்கனூர் ஜமீனுக்கு உட்பட்டது. தாத்தா வீட்டுச் சுவரில் மூன்று படங்கள் மாட்டியிருக்கும். ஒன்று காந்தி, இன்னொன்று காமராஜர். மூன்றாவதாகக் கதர்த் துண்டு போட்ட ஒரு பெரியவர். அவரை நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் ஏதோ சொந்தக்காரத் தாத்தா என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். தாத்தா காலமான பிறகு அவருடைய பெட்டியைத் திறந்தோம். உள்ளே கிஸ்து கட்டிய ரசீதுகள், அடியில் மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு பழைய பட்டா. ஜமீன் போன பிறகு சர்க்கார் செட்டில்மெண்ட்டில் கொடுத்த ரயத்துவாரி பட்டா அது. இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட். அப்போதுதான் அப்பத்தா சொன்னாள், படத்தில் இருக்கிறவர்தான் இந்தப் பட்டாவுக்குக் காரணமானவர், பெயர் ஓமந்தூர் ரெட்டியார் என்று.

சிவில் இன்ஜினியரிங் படித்து, பத்து வருஷத்துக்கு மேல் அ-பதிவேடும் எஃப்.எம்.பி.யும் சிட்டாவுமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு இது தெரியவில்லையே என்று வெட்கமாகிவிட்டது. அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

ஓ.பி. ராமசாமி ரெட்டியார் 1895-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி, திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஓமந்தூர் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அதே 1895 அக்டோபரில்தான் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே போன தண்ணீர் நம் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திரும்பியது. தண்ணீர் வந்த வருஷத்திலேயே, நிலத்துக்குப் பட்டா கொடுக்கப் போகிற மனிதரும் பிறந்திருக்கிறார் என்று நான் தமாஷாகச் சொல்வதுண்டு.

ஓமந்தூரார் பெரிய பட்டங்கள் வாங்கியவர் அல்லர். மண்ணில் நின்று விவசாயம் பார்த்தவர். காந்தியடிகளின் இயக்கத்தில் சேர்ந்து கதர் உடுத்தினார், சிறை சென்றார். மற்றொரு பக்கம் வடலூர் வள்ளலாரின் வழியில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். பதவிக்கு அலையாத மனிதர் என்று எல்லாத் தரப்பாரும் ஒத்துக்கொள்கிறார்கள். 1947 மார்ச்சில் பிரகாசம் மந்திரி சபை விழுந்தபோது, காமராஜர் முதலான தமிழ்நாட்டுக் காங்கிரஸ்காரர்கள் இவரைத்தான் தேடிப் போனார்கள். மிகவும் தயங்கித்தான் ஒத்துக்கொண்டார். 1947 மார்ச் 23-ஆம் தேதி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி ஆனார். முதலமைச்சர் பதவிக்கு அன்று அதுதான் பெயர். ஆகஸ்ட் 15 அன்று நாடு விடுதலை பெற்றபோது மாகாணத்தை ஆண்டவர் இந்தக் கிராமத்து விவசாயிதான். அன்றைய மாகாணம் என்றால் ஆந்திரப் பகுதியும் மலபாரும் தென் கன்னடமும் சேர்ந்தது.

அவர் பதவியில் இருந்தது இரண்டு வருஷமும் சில நாட்களும் மட்டுமே. அதற்குள் நடந்தவற்றைப் பாருங்கள். தாழ்த்தப்பட்ட மக்கள் கோயிலுக்குள் செல்ல உரிமை தரும் ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-ல் வந்தது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடுக்கும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் அதே வருஷம் வந்தது. 1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1949-ல் பாரதியார் பாடல்களின் உரிமையை அரசு வாங்கியது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரை எழுதலாம். நான் சொல்ல வந்தது நிலத்தைப் பற்றி.

ஜமீன் என்றால் நம் தலைமுறைக்குச் சினிமாவில் வரும் அரண்மனையும் சாட்டையும்தான் ஞாபகம் வரும். உண்மையில் அது ஒரு வரி வசூல் ஏற்பாடு. 1802-ல் கம்பெனி சர்க்கார் போட்ட நிரந்தர செட்டில்மெண்ட் விதிப்படி, ஜமீன்தார் ஒரு நிலையான தொகையை (அதற்குப் பேஷ்குஷ் என்று பெயர்) சர்க்காருக்குக் கட்டிவிட வேண்டும். குடியானவனிடம் வசூலிப்பது அவர் பாடு. சர்க்காருக்குக் கட்டுவது ஏறாது. குடியானவன் கொடுப்பது மட்டும் ஏறிக்கொண்டே போகலாம். கண்மாய், காடு, மேய்ச்சல் தரை, பாறை எல்லாம் ஜமீன் கையில். கண்மாயில் மண் எடுக்கவில்லை என்றாலும் குத்தகைப் பாக்கியை மட்டும் விடமாட்டார்கள். பாக்கி என்றால் ஜப்தி. பக்கத்து ஊர் ரயத்துவாரி விவசாயி சர்க்காருக்கு நேரடியாகத் தீர்வை கட்டுவான். ஒரே மண், ஒரே மழை. ஆனால் ஜமீன் ஊர்க்காரன் அவனைவிடப் பல மடங்கு கொடுக்க வேண்டியிருந்த ஊர்கள் நிறைய.

1908-ல் வந்த எஸ்டேட் நிலச் சட்டம் குடியானவனுக்குச் சாகுபடி உரிமையை உறுதி செய்தது. ஆனாலும் தொல்லை தீரவில்லை. ராஜாஜி மந்திரி சபைக் காலத்தில் பிரகாசம் தலைமையில் ஒரு கமிட்டி ஊர் ஊராக விசாரித்து 1938-ல் அறிக்கை கொடுத்தது. அடுத்த வருஷமே போர் வந்தது, மந்திரி சபை ராஜினாமா செய்தது, அறிக்கை அலமாரிக்குப் போனது.

அந்த அலமாரியைத் திறந்து, வேலையை முடித்தவர்கள் ஓமந்தூராரும் அவருடைய வருவாய் மந்திரி கலா வெங்கடராவும். இரண்டு படியாகச் செய்தார்கள். முதலில் 1947-ல் வாரக் குறைப்புச் சட்டம், அதாவது எஸ்டேட் நிலங்களின் வாரத்தைப் பக்கத்து ரயத்துவாரித் தீர்வையின் அளவை ஒட்டிக் குறைப்பது. வாரம் குறைந்தால் ஜமீனின் வருமானம் குறையும். வருமானம் குறைந்தால் பிறகு கொடுக்க வேண்டிய நஷ்டஈடும் குறையும். அடித்தளம் போட்டுவிட்டுச் சுவர் எழுப்புகிற மாதிரி எவ்வளவு நேர்த்தியான வரிசை, பாருங்கள்!

அடுத்தது 1948-ஆம் வருஷத்து 26-வது சட்டம், எஸ்டேட் ஒழிப்பு மற்றும் ரயத்துவாரி மாற்றுச் சட்டம். ஒரு ஜமீனைக் குறிப்பிட்டு அறிவிப்பு வந்த நாளில், அதன் பொது நிலம், புறம்போக்கு, காடு, சுரங்கம், ஆறு, கண்மாய் எல்லாம் அரசுக்குச் சேர்ந்துவிடும். குடியானவன் கையில் இருந்த நிலத்துக்கு அவன் பெயரிலேயே ரயத்துவாரி பட்டா. ஜமீன்தாரின் சொந்தப் பண்ணை நிலத்துக்கு அவருக்கும் பட்டா உண்டு. நஷ்டஈட்டிலும் ஒரு நியாயம் வைத்தார்கள். ஆண்டுக் கணக்குத் தொகை ஆயிரம் ரூபாய்க்கு மேற்படாத சின்ன எஸ்டேட்டுக்கு 30 மடங்கு; ஒரு லட்சத்தைத் தாண்டிய பெரிய எஸ்டேட்டுக்குப் பன்னிரண்டரை மடங்குதான். விஜயநகரம், வெங்கடகிரி, ராமநாதபுரம், சிவகங்கை என்று ராஜாக்களாகவே வாழ்ந்தவர்கள் எதிரே நின்றபோது இப்படிச் சட்டம் போட நெஞ்சில் உரம் வேண்டும். பீகாரில் இதே மாதிரிச் சட்டத்தை ஹைகோர்ட் தள்ளுபடி செய்து, 1951-ல் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பொதுப்பணித் துறைக் கோப்புகளில் இன்றைக்கும் 'எக்ஸ் ஜமீன் கண்மாய்' என்று ஒரு வகை உண்டு. எத்தனையோ தடவை அதை எஸ்டிமேட்டில் எழுதியிருக்கிறேன். அந்த 'எக்ஸ்' என்கிற ஒரு எழுத்துக்குப் பின்னால் இத்தனை பேருடைய வாழ்வு இருக்கிறது என்று அப்பத்தா சொன்ன பிறகுதான் உறைத்தது.

இவ்வளவு செய்தவருக்கு என்ன கிடைத்தது? பதவி பறிபோனது! சிபாரிசு என்று வந்தால் சொந்தக் கட்சி எம்.எல்.ஏ. ஆனாலும் அவரிடம் காரியம் நடக்காது. அதிருப்தி வளர்ந்து, கட்சிக்குள்ளேயே அவருக்கு எதிராக அணி திரண்டது. 1949 ஏப்ரல் 6-ஆம் தேதி அவர் விலக, ராஜபாளையம் குமாரசாமி ராஜா பதவி ஏற்றார். ஜமீன் ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வரத் தொடங்கியதும் அதே ஏப்ரல் மாதம்தான். நட்டவர் அறுவடைக்கு நிற்கவில்லை. பட்டாக்களைக் கொடுக்கும்போது அவர் நாற்காலியில் இல்லை.

அதைப் பற்றி அவர் புலம்பித் திரியவில்லை. வடலூருக்குப் போனார். வள்ளலார் பெயரில் சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவி, ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் படிப்புக்குமாகத் தன் மீதி வாழ்நாளைக் கொடுத்தார். 1970 ஆகஸ்ட் 25-ஆம் தேதி காலமானார். சென்னை அண்ணா சாலையில் அரசினர் தோட்டம் அவர் பெயரில் இருக்கிறது. அங்கே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியை 'ஓமந்தூரார் ஆஸ்பத்திரி' என்று சொல்லும் பலருக்கு, அது ஒரு விவசாயியின் ஊர்ப் பெயர் என்பது தெரியாது.

புகழ்ந்துகொண்டே போனால் கட்டுரை முழுமை ஆகாது. அவருடைய சட்டம் பட்டாவுக்கு உரிமை உள்ள குடியானவனைத்தான் கரையேற்றியது. அந்தக் குடியானவனிடம் வாரத்துக்கு உழுதவனும், கூலிக்கு நாற்று நட்டவளும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். குத்தகைதாரரை வெளியேற்றாமல் காக்கும் சட்டம் 1955-ல்தான் வந்தது. நில உச்சவரம்பு 1961-ல் 30 ஸ்டாண்டர்ட் ஏக்கர் என்று வந்து, 1970-ல் 15 ஆனது. விட்டுப்போன இனாம் நிலங்களுக்கு 1963-ல் தனிச் சட்டங்கள் போட வேண்டியிருந்தது. எங்கள் குடும்பத்துக்குப் பட்டா கிடைத்த அதே ஊரில், அந்த வயலில் களை எடுத்த குடும்பங்களுக்கு ஒரு சென்ட்டும் கிடைக்கவில்லை. இதையும் அப்பத்தாதான் சொன்னாள்.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். லோயர்கேம்ப்பிலிருந்து எங்கள் பழனிசெட்டிபட்டி வரைக்கும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் வயல் 14,707 ஏக்கர் என்பது கணக்கு. நான் சின்னப் பையனாகச் சைக்கிளில் போனபோது ரோட்டோரம் பச்சையாகத் தெரிந்த வயல்களில் சில, இன்று கலர் கலராகக் கொடி நட்ட பிளாட்டுகள். அவற்றில் ஒன்றிரண்டுக்கு லேஅவுட் வரைந்தவன் நானேதான். மறைப்பதற்கில்லை, தொழில் அது. 2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்தது. நம் பள்ளத்தாக்கு அதில் இல்லை. 2023-ல் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் வந்தபோது, நீர்நிலை அடங்கிய நிலமும் பெரிய திட்டங்களுக்குப் போய்விடும் என்று விவசாயிகள் எதிர்த்தார்கள். நிலத்தைப் பற்றிய சட்டம் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியில் இருக்கும் காகிதத்தைத் தொடுகிறது.

எங்கள் பெட்டியில் இருக்கும் காகிதத்துக்கும் முறை வந்துவிட்டது. போடி பக்கத்து இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட்டைப் பிளாட் போட்டு விற்றுவிடலாம் என்று சித்தப்பா வீட்டார் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. உழ ஆளில்லை, விலை நிற்பதில்லை, பிள்ளைகளின் படிப்புச் செலவு இருக்கிறது. ரோடும் பூங்காவும் போக முப்பத்தைந்து பிளாட்டாவது தேறும் என்று என் மனசே கணக்குப் போட்டுவிட்டது. வீட்டிலேயே இன்ஜினியர் இருக்கான், வெளியே எதுக்குக் கொடுக்கணும் என்று லேஅவுட்டை என்னிடமே வரையச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு மாசமாகிறது. எஃப்.எம்.பி. நகல் மேஜையில் கிடக்கிறது. அதில் நிலத்தின் நடுவே ஒரு வாய்க்கால் ஓடுகிறது, கீழே இன்னும் நாலு பேர் வயலுக்குப் போகிற வாய்க்கால். நான் இன்னும் பேனாவை எடுக்கவில்லை.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெட்டியைத் திறந்து, உங்கள் நிலத்தின் பழைய காகிதத்தைப் பாருங்கள். நிலமே இல்லாத வீடு என்றால், ஏன் இல்லை என்று பெரியவர்களிடம் கேளுங்கள். இரண்டிலும் ஒரு சட்டத்தின் கதை இருக்கும். நாளைக்கு நீங்கள் ஸ்கேலும் கம்ப்யூட்டரும் வைத்துக் கோடு போடப் போகிறவர்கள். அந்தக் கோட்டுக்கு அடியில் யார் உழுதார்கள் என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

தாத்தா வீட்டு மூன்றாவது படத்தை இப்போது என் ஆபீசில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் அவர் யார் என்று கேட்கிறார்கள். சொந்தக்காரர்தான் என்று சொல்லிவிட்டு, பிறகு கதையைச் சொல்கிறேன்.