கோவை கரிவரதனும் எங்கள் துருப்பிடித்த சேஸியும்

நான் வல்லம் வடகால்காரன். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் எங்களுக்கு எட்டும் தூரம்தான். பந்தயம் என்றால் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுவோம். அங்கே சுற்றுகிற மாதிரி ஒரு வண்டியை நம் கையால் கட்டணும் என்ற ஆசைதான் என்னை மெக்கானிக்கல் டிப்ளமோவில் சேர்த்தது.

போன வருஷம் ஐந்து பேர் சேர்ந்து பிராஜெக்ட்டுக்கு ஒரு குட்டி ரேஸ் கார் ஆரம்பித்தோம். பைப்பை வளைத்து வெல்டிங் முடிந்தபோது பணமும் முடிந்துவிட்டது. எஞ்சினுக்கு வழியில்லை. சேஸி ஒர்க்‌ஷாப் பின்னால் துருப்பிடிக்கிறது. (பார்க்கிறவர்கள் கட்டிலா என்று கேட்கிறார்கள்!) பணக்காரர் விளையாட்டு நமக்கெதற்கு என்று ஒதுங்க நினைத்தபோதுதான் எங்கள் சார் ஒருவர் எஸ். கரிவரதனின் கதையைச் சொன்னார்.

அவரும் பணக்காரர்தான். 1954-இல் பிறந்த அவர், கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. அப்போது ரேஸ் என்றால் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. வெளிநாட்டுக் காரை இறக்கியவர் ஒருபக்கம், அம்பாசிடரையும் ஃபியட்டையும் மாற்றிக் கட்டியவர் மறுபக்கம். ஜெயித்தது நல்ல கையா, பெரிய பையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கரி அங்கே தானும் ஓட்டினார். ஆனால் ஓட்டியதோடு நிற்கவில்லை. கோவையிலேயே பந்தயக் கார்களை வடிவமைத்துக் கட்டினார். அப்படி வந்ததுதான் ஃபார்முலா மாருதி. 1988-இல் களமிறங்கியது. ஒருவர் மட்டும் உட்காரும் வண்டி, மூடாத சக்கரங்கள், ஓட்டுநருக்குப் பின்னால் மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் 796 சிசி எஞ்சின். எல்லோருக்கும் அதே எஞ்சின்! ஸ்பேர் பார்ட்ஸ் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கழற்றி மாட்டுவார். செலவும் குறைந்தது, சாக்கும் போயிற்று. இனி பின்தங்கினால் வண்டியைக் குறை சொல்ல முடியாதே! கரியின் பெரிய வேலை இதுதான் என்பேன். அவர் வாங்கிய கோப்பைகளை எண்ணத் தோன்றவில்லை.

1990-இல் பந்தயம் நம் பக்கம், இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 3.7 கிலோமீட்டர் டிராக். அங்கேதான் கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஃபார்முலா மாருதியில் ஓட்டி, முதல் மூன்று பேரில் ஒருவராக மேடையேறினார். 2005-இல் அவர் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்க கரி இல்லை. பறப்பதிலும் மோகம் கொண்ட மனிதர், 1995 ஆகஸ்ட் 24-இல் பறக்கும்போது நேர்ந்த விபத்தில் போய்விட்டார். வயது நாற்பத்தொன்று.

கோவை செட்டிபாளையத்து டிராக் அவர் பெயரில், கரி மோட்டார் ஸ்பீட்வே என்று இருக்கிறது. எங்கள் ஊர் சிப்காட்டில் தொழிற்சாலை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு, 2021-இல் எல்லோருக்கும் ஒரே மாதிரி கான்டினென்டல் ஜிடி 650 பைக் கொடுத்து ஒரு கோப்பைப் பந்தயம் ஆரம்பித்தது. அது அந்த டிராக்கிலும் நடந்தது. கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

நாங்கள் சேஸியைத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்துவிட்டோம். ஒரு பழைய இரும்புக் கடையில் மாருதி 800 எஞ்சின் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். கடைக்கார அண்ணாச்சியிடம் விலைதான் இன்னும் படியவில்லை.